சிஸ்டம் மேல் பழி போடாதே, தேதியைப் பிடி!

எக்செல் ஷீட்டில் தேதி போட்ட இடத்தில் 45519 என்று ஓர் எண் வந்து நிற்கிறது. பயந்துவிட்டாய். அடுத்த கட்டத்தில் வெறும் ஹாஷ் குறிகள் நெருக்கியடித்து நிற்கின்றன. அதற்கும் பயந்துவிட்டாய். பக்கத்து சீட்டைப் பார்த்து "அண்ணே, ஒரு நிமிஷம் வந்து பாருங்களேன்" என்கிறாய். அண்ணன் வருகிறார், மௌஸை வாங்குகிறார், நாலு தட்டுத் தட்டுகிறார், சரியாகிவிடுகிறது. என்ன செய்தார் என்று உனக்குத் தெரியாது. பாதி நேரம் அவருக்கே தெரியாது. அடுத்த மாதம் மறுபடி அதே 45519 வரும், மறுபடி அண்ணனைக் கூப்பிடுவாய்.

தம்பி, தங்கச்சி, எத்தனை மாதத்துக்கு இப்படி?

"ஏம்மா, ஜூன் லிஸ்ட்ல மே மாசம் எப்படிம்மா வந்துச்சு?" என்று சூப்பிரண்டு கேட்டால், "சிஸ்டம் அப்படித்தான் காட்டுது சார்" என்று ஒரு பதிலை நம் அலுவலகங்கள் எல்லாம் மனப்பாடம் செய்து வைத்திருக்கின்றன. என் கோபம் முழுவதும் அந்த ஒரு வரியின் மேல்தான். சிஸ்டம் தன் இஷ்டத்துக்கு எதையும் காட்டுவதில்லை, அதற்குச் சொல்லிவைத்த விதிப்படி காட்டுகிறது. விதி என்று ஒன்று இருந்தால் அதைத் தெரிந்துகொள்ளலாம். பி.காம் முடித்தவருக்கும் பத்தாம் வகுப்போடு நின்றவருக்கும் இதில் ஒரு வித்தியாசமும் கிடையாது, கூட்டல் கழித்தல் தெரிந்தால் போதும். இங்கிலீஷ் வராது என்று சொல்லாதே. இந்த வேலைக்கு வேண்டிய இங்கிலீஷ் சொற்களைவிட அதிகமாக நீ தினமும் கடைப் பலகைகளில் படிக்கிறாய்.

முதலில் அந்த 45519-ஐ நேருக்கு நேர் பார். அது பிழையே கிடையாது. எக்செல்லுக்கு நாள், மாதம், ஆண்டு எதுவும் தெரியாது, எண்ணத்தான் தெரியும். 1900 ஜனவரி 1-ஐ 1 என்று வைத்துக்கொண்டு அங்கிருந்து நாளுக்கு ஒன்றாக எண்ணிக்கொண்டே வருகிறது. அந்தக் கணக்கில் நாடு விடுதலை அடைந்த 15-08-1947 என்பது 17394. குடியரசான 26-01-1950 என்பது 18289. ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் 895. விடுதலைக்கும் குடியரசுக்கும் நடுவே 895 நாள். உன்னை மிரட்டிய 45519 வேறொன்றும் இல்லை, 2024 ஆகஸ்ட் 15. மணி நேரம்கூட அந்த எண்ணின் பின்னத்தில்தான் இருக்கிறது: புள்ளிக்குப் பின்னால் 5 இருந்தால் நண்பகல், 75 இருந்தால் மாலை ஆறு மணி.

காசோலையில் தொகையை எண்ணாலும் எழுதுகிறோம், எழுத்தாலும் எழுதுகிறோம். எப்படி எழுதினாலும் பணம் ஒன்றுதான். ஃபார்மேட் என்பதும் அப்படித்தான். 45519-ஐ 15-08-2024 என்று காட்டலாம், ஆகஸ்ட் 15 என்று காட்டலாம், வியாழக்கிழமை என்றுகூடக் காட்டலாம். உள்ளே இருக்கும் எண் அசையாது. கண்ட்ரோல் விசையை அழுத்திக்கொண்டு 1-ஐத் தட்டு. ஃபார்மேட் செல்ஸ் பெட்டி திறக்கும். டேட் என்பதைத் தேர்ந்தெடு. முடிந்தது. இதற்கா அண்ணனைக் கூப்பிட்டாய்?

ஹாஷ் குறிகள் இன்னும் எளிது. கட்டத்தின் அகலம் போதவில்லை என்கிறது, அவ்வளவுதான். மேலே நெடுவரிசையின் எழுத்துக்குப் பக்கத்துக் கோட்டில் இரண்டு முறை கிளிக் செய், விரிந்து கொடுக்கும். விரித்த பிறகும் ஹாஷ் போகவில்லை என்றால் விடை பூஜ்யத்துக்குக் கீழே போயிருக்கிறது. பின்னால் வரும் தேதியை முன்னால் வரும் தேதியிலிருந்து கழித்திருப்பாய். இடம் மாற்றிக் கழி. லீவு நாளைக் கணக்குப் போட்டால் 05-01-1900 என்று விடை வருகிறதா? விடை சரிதான். ஐந்து நாள். அந்த 5-ஐ எக்செல் தேதியாகக் காட்டுகிறது. ஃபார்மேட்டை ஜெனரலுக்கு மாற்றினால் 5 என்று வந்துவிடும்.

இதுவரை பார்த்தவை சில்லறைத் தொல்லைகள். உண்மையான எதிரி வேறு. பார்வைக்குத் தேதி மாதிரியே இருக்கும், ஆனால் தேதி கிடையாது. எக்செல் அதை வெறும் எழுத்தாக எடுத்து வைத்திருக்கும். நம் ஊர் அலுவலகங்களில் இது அன்றாடக் கூத்து, ஏனென்றால் நாம் தேதியைப் புள்ளி வைத்து எழுதிப் பழகியவர்கள். அரசுக் கடிதம் எதை எடுத்தாலும் 15.08.2024 என்றுதான் இருக்கும். காகிதத்தில் அதில் ஒரு குறையும் இல்லை. ஆனால் இந்தியா என்றோ அமெரிக்கா என்றோ அமைத்திருக்கும் கணினியில் எக்செல் அந்தப் புள்ளிகளைத் தேதிக் குறியாக ஏற்காது. நீ அடித்ததை அப்படியே எழுத்தாக ஏற்றுக்கொண்டு சும்மா இருந்துவிடும். எச்சரிக்கையும் வராது. பணிமூப்புப் பட்டியலை வரிசைப்படுத்தும் நாளில்தான் வேட்டு வெடிக்கும். 01.12.2023 முதலில் நிற்கும், 02.01.1998 அதற்குக் கீழே நிற்கும். எழுத்தாகப் பார்த்தால் 01-க்கு அப்புறம்தானே 02? கால் நூற்றாண்டு முன்னால் பணிக்கு வந்தவர் நேற்று வந்தவருக்குக் கீழே போய்விட்டார். கையெழுத்துப் போட்டது யார் என்று தேடும்போது சிஸ்டத்தை யாரும் தேட மாட்டார்கள். உன்னைத்தான் தேடுவார்கள்.

எழுத்தா, தேதியா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? இடப்பக்கம் ஒட்டி நின்றால் எழுத்து, வலப்பக்கம் ஒட்டி நின்றால் தேதி என்று சொல்லிக் கொடுப்பார்கள். யாராவது அழகு பார்த்து நடுவில் நிறுத்தியிருந்தால் அந்தப் பாடம் அம்போ. ஃபார்மேட்டை ஜெனரலுக்கு மாற்றிப் பார். எண்ணாக மாறினால் நிஜத் தேதி. அசைந்து கொடுக்காமல் அப்படியே நின்றால் எழுத்து. ஆயிரம் வரி இருந்தால் ஒவ்வொன்றாகப் பார்க்க முடியுமா என்று கேட்பாய். பார்க்க வேண்டாம். கவுண்ட் என்ற ஃபார்முலா எண்களை மட்டும் எண்ணும். கவுண்ட்ஏ எதுவாக இருந்தாலும் எண்ணும். இரண்டையும் பக்கத்துக் கட்டங்களில் போடு. கவுண்ட்ஏ 1000 என்றும் கவுண்ட் 640 என்றும் சொன்னால் 360 தேதிகள் போலி. அரை நிமிடத்தில் நோயின் அளவு தெரிந்துவிட்டது. இனி நீ பயந்துபோய்க் கூப்பிடும் ஆள் இல்லை, எத்தனை தப்பு என்று எண்ணிச் சொல்லத் தெரிந்த ஆள்.

மருந்தும் எக்செல்லுக்குள்ளேயே இருக்கிறது. அந்த நெடுவரிசையைத் தேர்ந்தெடுத்து, டேட்டா என்ற பகுதியில் டெக்ஸ்ட் டு காலம்ஸ் என்பதைக் கிளிக் செய். முதல் திரையில் டிலிமிட்டட், நெக்ஸ்ட். இரண்டாம் திரையில் டிக் எதுவும் இருந்தால் எடுத்துவிடு, நெக்ஸ்ட். மூன்றாம் திரையில் டேட் என்று ஒரு வட்டம், அதன் பக்கத்தில் டிஎம்ஒய், எம்டிஒய், ஒய்எம்டி என்று ஒரு சிறு பட்டியல். முக்கால்வாசிப் பேர் கோட்டைவிடுவது இங்கேதான். தங்களுக்கு எப்படித் தெரிய வேண்டும் என்று கேட்கிறதாக்கும் என நினைத்துக்கொண்டு தேர்வு செய்கிறார்கள். எக்செல் கேட்பது வேறு: "இப்போது உன் ஷீட்டில் எந்த வரிசையில் எழுதியிருக்கிறது?" 15.08.2024 என்று நாள் முதலில் இருந்தால் டிஎம்ஒய். 20240815 என்று ஒட்டி எழுதியிருந்தால் ஒய்எம்டி. ஃபினிஷ் கொடு. முந்நூற்று அறுபதும் ஒரே நொடியில் தேதியாகிவிடும்.

சில வரிகள் அப்போதும் முரண்டு பிடித்தால் உள்ளே கண்ணுக்குத் தெரியாத இடைவெளி ஒளிந்திருக்கிறது. இணையப் பக்கத்திலிருந்து நகலெடுத்தால் இது கூடவே ஒட்டிக்கொண்டு வரும். ட்ரிம் என்ற ஃபார்முலா சாதாரண இடைவெளியைத் துடைக்கும், இதைத் துடைக்காது. இது 160 என்ற எண்ணுக்குரிய வேறு வகை இடைவெளி. சப்ஸ்டிட்யூட் ஃபார்முலாவுக்குள் கேர் 160 என்று கொடுத்து அந்த இடத்தை வெறுமையாக்கு. பிறகு டெக்ஸ்ட் டு காலம்ஸ்.

இதையெல்லாம் தெரிந்துகொள்ளாமல், முந்நூற்று அறுபதையும் உட்கார்ந்து ஒவ்வொன்றாக மறுபடி அடிப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். இரவு எட்டு மணி வரை அடிப்பார்கள். "பாவம், எவ்வளவு உழைப்பு" என்று அலுவலகமே பாராட்டும். நான் பாராட்ட மாட்டேன். ஏன் என்று ஒரு தடவை கேட்டிருந்தால் ஒரு நிமிடத்தில் முடிந்திருக்கும் வேலை அது. முதுகை ஒடித்துக்கொண்டால் மதிப்பு வரும் என்று யாரோ உனக்குச் சொல்லிவிட்டார்கள். கையால் அடிக்கும்போது புதுப் பிழைகள் வேறு சேரும். உன் விரலுக்குக் கொடுக்கும் வேலையில் கொஞ்சத்தை மூளைக்கும் கொடு!

இப்போது கடினமானதுக்கு வருவோம். எழுத்தாக நின்ற தேதியாவது நேர்மையான எதிரி, சோதித்தால் மாட்டிக்கொள்ளும். நாளும் மாதமும் இடம் மாறிப்போன தேதி மாட்டாது. வலப்பக்கம் ஒட்டி நிற்கும், கவுண்ட்டிலும் சேர்ந்துகொள்ளும், ஜெனரலுக்கு மாற்றினால் எண்ணாகவும் மாறும். ஆனால் அது வேறொரு நாள்.

இது எப்படி நடக்கிறது பார். பல கணினிகளில் ரீஜியன் என்ற அமைப்பு அமெரிக்கா என்றே இருக்கிறது, வாங்கிய நாளிலிருந்து யாரும் தொட்டதில்லை. அமெரிக்காவில் மாதம்தான் முதலில், நாள் அடுத்து. ஃபீஸ் கட்டியவர்களின் பட்டியல் சிஎஸ்வி ஃபைலாக வருகிறது. அதில் 03/04/2024 என்று இருப்பது ஏப்ரல் 3. ஃபைலை டபுள் கிளிக் செய்கிறாய். எக்செல் அதை மார்ச் 4 என்று எடுத்துக்கொள்கிறது. 45385 இருக்க வேண்டிய கட்டத்தில் 45355 போய் உட்கார்ந்துவிட்டது. முப்பது நாள் பிசகு. அடுத்த வரியில் 13/04/2024. பதின்மூன்றாவது மாதம் என்று ஒன்று கிடையாதே? எனவே அதை எழுத்தாக விட்டுவிடுகிறது. ஆக ஒரே நெடுவரிசையில் 12-ஆம் தேதி வரைக்கும் உள்ளவை சத்தமில்லாமல் புரண்டுவிட்டன, 13 முதல் உள்ளவை எழுத்தாக இடப்பக்கம் ஒதுங்கிவிட்டன. இந்த அடையாளத்தை மனதில் பதித்துக்கொள். எழுத்தாக நிற்பவை எல்லாம் 12-க்கு மேற்பட்ட நாட்களாகவே இருந்தால், மற்றவை புரண்டுபோனவை என்று அடித்துச் சொல்லலாம்.

கணக்குப் போட்டுப் பார். மாதத்துக்குப் பன்னிரண்டு நாள் வீதம் ஆண்டில் 144 நாட்கள் இந்த வலையில் விழக்கூடியவை. அதில் ஜனவரி 1, பிப்ரவரி 2 போல நாளும் மாதமும் ஒன்றாக வரும் 12 நாட்கள் தப்பிவிடும். மீதி 132. ஆண்டில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். இடப்பக்கம் ஒதுங்கிய தேதிகளை மட்டும் திருத்திவிட்டு "எல்லாம் ஓகே சார்" என்று சொல்பவர், கண்ணில் படாத இந்தப் பங்கை அப்படியே மேலிடத்துக்கு அனுப்பிவைக்கிறார்.

மூல ஃபைல் கையில் இருந்தால் சண்டையே வேண்டாம். திறந்ததைச் சேமிக்காமல் மூடு. கண்ட்ரோல் பேனலில் ரீஜியனை இங்கிலீஷ் இந்தியா என்று மாற்றிவிட்டு மறுபடி திற. மாற்ற அனுமதி இல்லாத கணினி என்றால் டேட்டா பகுதியில் ஃப்ரம் டெக்ஸ்ட் வழியாக உள்ளே கொண்டுவந்து, அங்கே லோகேல் எது என்று கேட்கும்போது இந்தியாவைச் சொல். மூல ஃபைல் தொலைந்துவிட்டது, புரண்டுபோன ஷீட் மட்டும்தான் இருக்கிறது என்றாலும் தோற்றுவிடவில்லை. பக்கத்தில் ஒரு காலி நெடுவரிசையில் இஃப் ஃபார்முலா ஒன்று எழுது. ஏ2 கட்டத்தில் இருப்பது எண்ணா என்று இஸ்நம்பர் கேட்கட்டும். எண் என்றால் அது புரண்டது. டேட் ஃபார்முலாவுக்குள் ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் கொடுக்க வேண்டும் அல்லவா? மாதம் கேட்கும் இடத்தில் டே-யையும், நாள் கேட்கும் இடத்தில் மன்த்தையும் கொடு. புரண்டதை நீ திருப்பிப் புரட்டுகிறாய். எண் இல்லை என்றால் அது எழுத்து. ரைட் நான்கு எழுத்தை எடுத்து ஆண்டாகவும், மிட் நான்காவது எழுத்திலிருந்து இரண்டை எடுத்து மாதமாகவும், லெஃப்ட் இரண்டை எடுத்து நாளாகவும் அதே டேட்டுக்குள் போடு. கீழே இழுத்துவிடு. ஐயாயிரம் வரி இருந்தாலும் சரி, ஒரே ஃபார்முலா.

முதல் தடவை எழுதும்போது அடைப்புக்குறி விட்டுப்போகும், எக்செல் கோபித்துக்கொள்ளும். கோபிக்கட்டும். அடைப்புக்குறியைச் சேர், மறுபடி என்டர் தட்டு. தப்பாக எழுதிய ஃபார்முலாவால் கணினி வெடித்ததாக இதுவரை செய்தி இல்லை.

திருப்பூரில் ஏற்றுமதி கம்பெனி மெர்ச்சண்டைசரிடம் பேசினால் இந்த நாள் மாதக் குழப்பத்துக்குப் பண மதிப்புச் சொல்வார். அமெரிக்க பையர் மெயிலில் ஷிப்மென்ட் தேதி 05/06/2024 என்று அடித்து அனுப்பினால் அவருக்கு அது மே 6. நமக்கு ஜூன் 5. ஒரு மாதத் தாமதத்தை எந்தப் பையரும் சிரித்துக்கொண்டே ஏற்க மாட்டார். அதே தேதி எக்செல் ஃபைலில் உண்மையான தேதியாக வந்திருந்தால் சிக்கலே இல்லை. அங்கிருந்து கிளம்புவது 45418 என்ற எண். இங்கே வந்து சேர்வதும் அதே எண். நம் கணினி அதை நம் வழக்கப்படி காட்டிக்கொள்ளும். எழுத்தாக வரும்போதுதான் வம்பு. ஆண்டு, மாதம், நாள் என்று 2024-05-06 முறையில் எழுத ஐஎஸ்ஓ 8601 என்ற உலகத் தரவிதி 1988-லேயே வந்துவிட்டது. பையருக்கு அந்த முறையில் எழுதிக் கேள், தயங்காதே. கேட்கிறவனைப் பையர்கள் மதிக்கிறார்கள்.

உன் ஷீட்டில் மாதத்தை எண்ணாகக் காட்டுவதை விட்டுவிடு. கஸ்டம் ஃபார்மேட்டில் டிடி-எம்எம்எம்-ஒய்ஒய்ஒய்ஒய் என்று கொடுத்தால் மாதம் ஆகஸ்ட், மே என்று எழுத்தில் சுருக்கமாக நிற்கும். புரண்டுபோன தேதி அப்போது கண்ணில் குத்தும். ஏப்ரலில் கட்டிய ஃபீஸுக்கு நவம்பர் என்று நின்றால் உனக்கே தெரிந்துவிடும். இவ்வளவு சின்ன விஷயம் இத்தனை அலுவலகங்களில் ஏன் வழக்கமாகவில்லை என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

இவ்வளவு சொன்ன பிறகும் உன் அடிமனதில் ஒரு குரல் முணுமுணுக்கும்: "எனக்குத்தான் கம்ப்யூட்டர் வராது." அந்தக் குரலுக்கு இரண்டு செய்தி சொல்கிறேன்.

எக்செல்லில் 60 என்று அடித்துத் தேதியாக மாற்றிப் பார். 29-02-1900 என்று காட்டும். அப்படி ஒரு நாள் உலகத்தில் விடியவே இல்லை. நூறால் வகுபடும் ஆண்டு நானூறாலும் வகுபட்டால்தான் லீப் ஆண்டு. 2000 லீப் ஆண்டு, 1900 கிடையாது. 1983-இல் வந்த லோட்டஸ் 1-2-3 மென்பொருள் 1900-ஐ லீப் ஆண்டு என்று எடுத்துக்கொண்டது. பின்னால் வந்த எக்செல், லோட்டஸ் ஃபைல்களோடு ஒத்துப்போக வேண்டும் என்பதற்காகத் தெரிந்தே அந்தப் பிழையைச் சுமந்தது. இன்று வரை சுமக்கிறது. 1900-க்கு முந்தைய தேதி அதற்கு வராது. பாரதியார் பிறந்த 11-12-1882-ஐ அடித்துப் பார். எழுத்தாகத்தான் வைத்துக்கொள்ளும். கூகுள் ஷீட்ஸ் அதையே தேதியாக எடுத்துக்கொண்டு கணக்கும் போடும். பழைய மேக் கணினிகளின் எக்செல்லோ 1904-இலிருந்து எண்ணியது. அந்த ஃபைலிலிருந்து நம் ஃபைலுக்கு நகலெடுத்தால் 1462 நாள், அதாவது நான்கு ஆண்டும் ஒரு நாளும் தள்ளிப்போகும். இத்தனை ஓட்டையை வைத்துக்கொண்டு எக்செல் உலகத்தை ஆள்கிறது. நீ ஏன் தலைகுனிகிறாய்?

இரண்டாவது செய்தி. மரபணு ஆய்வாளர்கள் சாதாரணப்பட்டவர்கள் இல்லை. அவர்களுடைய பட்டியலில் மார்ச்1, செப்ட்2 என்ற பெயருள்ள மரபணுக்கள் இருந்தன. எக்செல் அவற்றை மார்ச் 1 என்றும் செப்டம்பர் 2 என்றும் தேதியாக்கிவிட்டது. இந்த ஆபத்தைப் பற்றி 2004-லேயே எச்சரித்தார்கள். 2016-இல் ஜீனோம் பயாலஜி இதழில் வந்த ஆய்வு, எக்செல்லில் மரபணுப் பட்டியல் இணைத்த கட்டுரைகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்றில் இந்த வகைப் பிழை இருப்பதாகக் கண்டது. கடைசியில், மனித மரபணுக்களுக்குப் பெயர் வைக்கும் குழு 2020-இல் வெளியிட்ட விதிகளில் அந்தப் பெயர்களையே மாற்றிவிட்டது. எக்செல்லில் இந்தத் தானியங்கி மாற்றத்தை நிறுத்திவைக்கும் வசதியை மைக்ரோசாஃப்ட் 2023-இல்தான் கொடுத்தது. முனைவர் பட்டம் வாங்கியவர்களையே ஆட்டிவைத்த விஷயம் இது. உனக்குச் சிக்கல் வந்ததில் வெட்கப்பட என்ன இருக்கிறது?

நம் ஊரிலும் அதன் தம்பி இருக்கிறான். முகவரிப் பட்டியலில் கதவு எண் 5/8 என்று அடித்தால் ஆகஸ்ட் 5. புல எண் 12/3 என்றால் மார்ச் 12. இங்கே முன்கூட்டியே தடுப்பது ஒன்றுதான் வழி. அடிப்பதற்கு முன் அந்த நெடுவரிசையை டெக்ஸ்ட் என்று மாற்று, அல்லது எண்ணுக்கு முன்னால் ஓர் ஒற்றை மேற்கோள் குறி போடு. அடித்த பிறகு டெக்ஸ்ட்டாக மாற்றினால் ஐந்து இலக்க எண்தான் மிஞ்சும். அப்புறம் பட்டாவைத் தேடி எடுத்துத்தான் சரிபார்க்க வேண்டும்.

ஆண்டை இரண்டு இலக்கத்தில் எழுதும் பழக்கத்தையும் இன்றோடு விடு. 12-06-28 என்று அடித்தால் எக்செல் 2028 என்று எடுத்துக்கொள்ளும். வெகுகாலம் 29 வரை இந்த நூற்றாண்டு, 30 முதல் போன நூற்றாண்டு என்று கோடு கிழித்திருந்தது. புதிய கணினிகள் சிலவற்றில் அந்தக் கோடு இன்னும் தள்ளிப் போயிருக்கிறது. 1928-இல் பிறந்த ஓய்வூதியப் பாட்டியை இன்னும் பிறக்காதவராக்கிப் பென்ஷன் பட்டியல் அனுப்பாதே.

சரி செய்யத் தெரிந்தவனுக்கு அடுத்தபடி என்ன? தேதியை வேலை வாங்குவது. தமிழ்நாடு அரசு ஊழியர்களுக்கு 2021 முதல் ஓய்வு வயது 60. அறுபது நிறைகிற மாதத்தின் கடைசி நாளில் ஓய்வு. பிறந்தது மாதத்தின் 1-ஆம் தேதி என்றால் முந்தைய மாதக் கடைசியிலேயே ஓய்வு. இந்த 1-ஆம் தேதிக்காரர்களுக்காகத் தனிப் பட்டியல் போட்டுக் கையால் திருத்தும் அலுவலகங்கள் உண்டு. தேவையே இல்லை. இஓமன்த் என்று ஒரு ஃபார்முலா இருக்கிறது. ஒரு தேதியையும் மாதங்களின் எண்ணிக்கையையும் கொடுத்தால் அத்தனை மாதம் தள்ளி வரும் மாதத்தின் கடைசி நாளைச் சொல்லும். அறுபது ஆண்டு என்பது 720 மாதம். பிறந்த தேதியிலிருந்து ஒன்றைக் கழித்துக் கொடு, 720 கொடு. 15-06-1965-இல் பிறந்தவருக்கு 30-06-2025 வரும். 01-06-1965-இல் பிறந்தவருக்கு ஒன்றைக் கழித்ததும் மே 31 ஆகிவிடுவதால் 31-05-2025 வரும். விதியின் நுணுக்கம் முழுவதும் அந்த ஒரே ஒரு கழித்தலில் அடங்கிவிட்டது. பிறந்த தேதி புள்ளி வைத்த எழுத்தாக இருந்தால் மட்டும் இது வேல்யூ என்று பிழை காட்டும். அதற்கு மருந்து உனக்கு இப்போது தெரியும்.

இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுக் காட்டு. அலுவலகத்தில் உன்னைப் பார்க்கும் பார்வை மாறும். மாறாவிட்டாலும் பரவாயில்லை, நீ உன்னைப் பார்க்கும் பார்வை மாறியிருக்கும். சர்வீஸில் மூத்தவர், பெரிய படிப்புப் படித்தவர், இங்கிலீஷில் பொளந்து கட்டுபவர் யாராக இருந்தாலும் அந்தக் கட்டத்துக்கு முன்னால் எல்லோரும் ஒன்று. விதி தெரிந்தவர் சொன்னபடி அது கேட்கும். உனக்குத் தெரியாது என்று உன் கையைப் பின்னால் இழுத்தவர்கள் இருக்கலாம். "நீ தொடாதே, கெட்டுப்போயிடும்" என்று சொன்னவர்கள் இருக்கலாம். தொடு! நகல் ஒன்றை எடுத்து வைத்துவிட்டுத் துணிந்து தொடு!

உன் அலுவலகத்தில் யாருமே கைவைக்கத் துணியாத ஒரு ஷீட் கட்டாயம் இருக்கும். அட்மிஷன் ரிஜிஸ்டரோ, ஸ்டாக் லிஸ்டோ, பணிமூப்புப் பட்டியலோ. அதன் நகலை இன்றைக்கே திற. தேதி நெடுவரிசைக்குப் பக்கத்தில் கவுண்ட், கவுண்ட்ஏ போடு. மின், மேக்ஸ் போட்டு மிகப் பழைய தேதியும் மிகப் புதிய தேதியும் நம்பும்படி இருக்கின்றனவா என்று பார். மாதத்தை எழுத்தில் காட்டு. தப்பு எத்தனை, எந்த வகை என்று ஒரு துண்டுத்தாளில் குறி. பிறகு திருத்தத் தொடங்கு. திருத்தி முடித்ததும் அடுத்த சீட்டில் புதிதாகச் சேர்ந்திருக்கும் பிள்ளையைப் பக்கத்தில் உட்காரவைத்துச் சொல்லிக் கொடு. மௌஸ் மட்டும் அந்தப் பிள்ளையின் கையிலேயே இருக்கட்டும்.